விடாயும் விடுப்பும்

ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும். மாதவிலக்குக்கு மூன்று மொழிக்கும் பொதுவான பழைய சொல் ஒன்று உண்டு: முட்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதற்கு நேர்ப்பொருள் தொடுதல். மதுரை மாவட்டம் கூவலபுரத்தில் பெண்கள் அந்த நாட்களில் ஒதுங்கியிருக்கும் கட்டடத்துக்கு முட்டுத்துறை என்றே பெயர். தீட்டு என்பதும் தீண்டு என்பதிலிருந்து பிறந்ததுதான். தொடாதே என்று சொல்ல வந்த இடத்தில் தொடுதலே பெயராகி உட்கார்ந்திருப்பது வேடிக்கை.

வழக்கம் மிகப் பழையது. நெய்ச்சோறு தின்று வளர்ந்த குதிரைகள் போர்க்களத்தில் பின்வாங்கி நிற்பதற்கு உவமையாக, முருகன் கோட்டத்தில் கலம் தொடாமல் ஒதுங்கும் மகளிரைக் காட்டுகிறார் பொன்முடியார் (புறநானூறு 299). பின்னால் வந்த தூரம், வீட்டுக்குத் தூரம், விலக்கு எல்லாமே அவள் எங்கே இருக்கக் கூடாது என்று சொல்பவை. அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவை விசாரிப்பதில்லை. தொல்காப்பியத்தின் பூப்பு இந்தக் கூட்டத்தில் சேராது. ஆனால் இன்று அது மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையோடு நின்றுவிட்டது.

'அந்த மூணு நாள்தான் எங்களுக்கு ஓய்வு' என்று சொல்லும் பாட்டிகள் உண்டு. அடுப்படிக்குள் போக வேண்டாம், உண்மைதான். களை எடுக்கவும் கேழ்வரகு அறுக்கவும் யார் தடை சொன்னார்கள்? அதை ஓய்வு என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

மாதவிடாய் மட்டும் வேறு ஜாதி. விடாய் என்றால் தாகம், களைப்பு. கோயில் திருவிழா முடிந்ததும் ஊர்வலம் போன அலுப்புத் தீரச் சாமிக்கு விடாயாற்றி நடத்துவார்கள், பேச்சில் விடையாற்றி. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவுக்குப் பிறகு அதற்காகக் கச்சேரிகளே நடக்கும். சாமியின் களைப்புக்கு இருக்கும் மரியாதை இந்தக் களைப்புக்கும் கிடைத்தால் போதும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் புரோஸ்டாகிளாண்டின் முதல் ஓரிரு நாட்களில்தான் அதிகம் சுரக்கும். வலியும் அப்போதுதான் கூடுதல். அடிவயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்தால் தசை இளகி இதமாக இருக்கும்.

படுக்க வேண்டுமே! ஆலையில் உற்பத்தி லைனில் நிற்கிறவள், மாற்றாள் ரிலீவர் வந்தால்தான் கழிப்பறைக்கே போக முடியும். சூப்பர்வைசரிடம் பெரும்பாலும் 'வயித்து வலி சார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் இந்த வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் கொடுத்து வேலை வாங்கியதை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் புலனாய்வு வெளியே கொண்டுவந்தது. நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு, இடைவெளி கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவே சொன்னது. சட்டத்தில் இருந்தது.

விடுப்பு என்ற சொல் இதனோடு சேர்ந்தது சமீபத்தில். பீகார் அரசு 1992-லேயே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தது. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபர் 9 அன்று தனியார் ஆலைகளையும் சேர்த்து, மாதம் ஒரு நாள் வீதம் ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று முடிவெடுத்தது. நவம்பரில் ஆணை வந்தது. 18 முதல் 52 வயது வரை, மருத்துவச் சான்று தேவையில்லை. ஓட்டல் உரிமையாளர்கள் அதை எதிர்த்து உயர்நீதிமன்றம் போனார்கள். கன்னடப் பத்திரிகைகள் இதை 'முட்டின ரஜெ' என்கின்றன. பழைய முட்டுதான், சம்பளத்தோடு.

எல்லையில் ஜூஜுவாடியைத் தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா ஆலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிற ஓசூர்ப் பெண்ணுக்கு அந்த ஆணை பொருந்தும். அதே தெருவிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அவள் கேஷுவல் லீவில் ஒன்றைக் கழித்துக்கொண்டு, காரணம் என்ற கட்டத்தில் காய்ச்சல் என்று எழுத வேண்டியதுதான்.