நடுக்குவாதத்திற்கு ஊசியும் விதையும்

யமுனையின் கீழ்க்கரையில், மயூர் விஹாரில் வாழும் தமிழன்பர் இல்லங்களுக்குச் செல்லுங்கால், காபி டம்ளரை ஏந்தக் கை நடுங்கும் பெரியவரைக் காண நேர்கின்றது. “ஊசி வைத்தியம் செய்து பார்க்கலாமா?” என்று வீட்டார் நம்மை வினவுகின்றனர். விடை காண வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

ஆயுர்வேத நூலார் இந்நோயைக் கம்பவாதம் என்றனர். 1817ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நோயாளிகள் அறுவரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார்; அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

மெல்லிய ஊசிகளைத் தோலிற் செருகும் அக்குபங்சர், சீனத்தின் தொன்மையான கலை. ஜப்பானியப் படையெடுப்பால் இன்னலுற்ற சீனத்திற்கு 1938இல் நம் காங்கிரஸ் மகாசபை வைத்தியர் ஐவரை அனுப்பிற்று. அவருள் கோட்னிஸ் 1942இல் அம்மண்ணிலேயே உயிர் நீத்தார். மற்றொருவரான பி. கே. பாசு, 1950களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று அக்கலையைக் கற்று, கல்கத்தாவில் பரப்பினார். 2003இல் இந்திய அரசும் அதனை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது.

எனினும், நடுக்குவாதத்தை அது தணிக்கும் என்பது இன்னும் உறுதிப்படவில்லை. இந்நோயாளிகளின் களைப்பைப் பற்றி அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில், மெய்யூசி பெற்றோரும் போலியூசி பெற்றோரும் ஒப்பவே நலமுற்றனர்.

இனி, நம் சென்னையின் பங்கைக் காண்போம். தொட்டால் அரிக்கும் காய்களையுடைய பூனைக்காலிக் கொடியை நாம் அறிவோம். அதன் விதையில் ‘டோபா’ என்னும் பொருள் உண்டு என்பதனை 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசுவாமி எனும் ரசாயன அறிஞர் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினர். அப்பொருள் ஐரோப்பாவில் முன்னரே அறியப்பட்டதாயினும், அதன் மருத்துவப் பயனை அன்று எவரும் அறிந்திலர். இந்நோயாளரின் மூளையில் ‘டோபமின்’ குறைந்துள்ளது என்பது 1960இல் வியன்னாவில் புலனாயிற்று. மறு ஆண்டே அங்கு டோபாவைக் குருதியிற் செலுத்தியபோது, அசைய இயலாது கிடந்தோர் எழுந்து நடந்தனர். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்பார் அதனை வாய்வழி மருந்தாகவே கொடுத்து வெற்றி கண்டார். இன்றும் இந்நோய்க்குத் தலையாய மருந்து அதுவே.

ஆகவே, அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. ஊசி வைத்தியத்தை நாடுவோர் தம் நரம்பியல் மருத்துவரிடம் கூறிவிட்டு நாடுக. அதனை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்துதல் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். நம் நாட்டு விதைதானே என்று பூனைக்காலிப் பொடியைத் தாமாகச் சேர்த்து உண்பதும் கூடாது. மாத்திரையில் உள்ள பொருளே பொடியிலும் உள்ளது, அளவுதான் தெரியாது.