சமையற்கூடமும் தொழிற்பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு தொழிலின் வரலாறு அதனைச் செய்தோரின் வரலாறு மட்டுமன்று; அதனைக் கற்றோரின் வரலாறுமாகும். ஐரோப்பியப் பெருஞ் சமையற்கூடங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, வேலை பிரிக்கப்பட்ட முறையே அங்கு கற்கும் முறையையும் தீர்மானித்தமை புலனாகும்.

பிரான்சில் சமையற்றொழில் நெடுங்காலமாகக் கைவினைஞர் கழகங்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. புரட்சி அரசாங்கம் 1791 இல் இக்கழகங்களை ஒழித்தது. தொழில் செய்யும் உரிமை யாவர்க்கும் கிடைத்தது. ஆயினும், பயிற்சியை ஒழுங்குசெய்த அமைப்பும் உடன் மறைந்தது. 19 ஆம் நூற்றாண்டுச் சமையற்கூடத்திலே பயிலுநன் பெரிதும் ஆசானின் விருப்பு வெறுப்புக்கு ஆட்பட்டவனானான். அடுப்பின் வெம்மை, புகை, தாகத்தைத் தணிக்க அருந்திய மது, வசைமொழி ஆகியவற்றினூடாகவே அவன் தொழிலைக் கற்றான்.

இச்சூழலிலிருந்து வந்தவரே ஓகஸ்ற் எஸ்கோபியே. 1846 இல் பிறந்த இவர், 13 வயதில் நீஸ் நகரில் உறவினர் ஒருவரின் உணவகத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். 1870 இல் மூண்ட பிரான்சிய-பிரசியப் போரின்போது படையினர்க்குச் சமைத்தார். 1890 இல் இலண்டன் சவோய் ஹோட்டலின் சமையற்கூடத்தைப் பொறுப்பேற்ற இவர், அதனைப் படைப்பிரிவு போன்று ஒழுங்கமைத்தார். குழம்பு வகை, வாட்டிய இறைச்சி, மரக்கறியும் முட்டையும், குளிருணவு, இனிப்பு என வேலை பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைவரும் அவரின்கீழ் உதவியாளரும் பயிலுநரும் இருந்தனர். மதுவுக்குப் பதிலாக வாற்கோதுமை நீர் வழங்கப்பட்டது.

முட்டை, வாட்டிய சிறுநீரகம், குழம்பு ஆகிய மூன்றும் சேர்ந்த உணவொன்றைத் தனியொருவர் சமைக்க 15 நிமிடம் வரை செல்லும். மூன்று பகுதியினர் ஒரே வேளையிற் செய்யின் சில நிமிடங்களே போதும். எனினும், இவ்வேகத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஆலைத் தொழிலாளியைப் போன்று சமையற்காரனும் ஒரு சிறு கருமத்துள் அடங்கிவிடும் அபாயம் இதிலுண்டு. பகுதிக்குப் பகுதி மாற்றப்பட்ட பயிலுநனுக்கு அப்பிரிவினையே பாடத்திட்டமாயிற்று. ஒரே பகுதியில் விடப்பட்டவனுக்கோ அதுவே தளையாயிற்று. அமைப்பு ஒன்றே, பயன் இரண்டு.

1903 இல் எஸ்கோபியே பிறருடன் இணைந்து வெளியிட்ட நூலில் 5000 இற்கும் மேற்பட்ட செய்முறைகள் இடம்பெற்றன. ஆசானின் கைப்பழக்கமாயிருந்த அறிவு இதனாற் பொதுவுடைமையாயிற்று. ஆயினும், ஹோட்டற் சமையற்கூடங்களின் கதவு பெண்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தது. பாரிசில் 1895 இல் மார்த் டிஸ்டெல் என்னும் பெண்மணி தொடங்கிய சஞ்சிகையிலிருந்து லு கோர்டொன் புளூ சமையற் பள்ளி தோன்றியது. அமெரிக்காவின் நியூ ஹேவனில் 1946 இல் போரிலிருந்து மீண்ட வீரர்க்கென ஆரம்பிக்கப்பட்ட சமையற் கல்லூரியை நிறுவியோரும் பிரான்செஸ் றோத், கதறின் ஏஞ்செல் என்னும் இரு பெண்மணிகளே. சமையற்கூடத்தினுள் இடம் மறுக்கப்பட்ட இனத்தவரே அத்தொழிலுக்குப் பள்ளி அமைத்தமை சிந்தித்தற்குரியது.

கழகம், அடுக்களை, நூல், பள்ளி எனப் பயிற்சியின் களம் மாறிவந்துள்ளது. எனினும், பயில வந்தவரை முழுத் தொழிலையும் அறிந்தவராக உயர்த்துவதா, மலிவான உழைப்பாக மட்டும் கொள்வதா என்னும் வினா மாறவில்லை. ஒரு சமையற்கூடத்தின் தரத்தை அதன் உணவைக்கொண்டு மட்டுமன்றி, இவ்வினாவுக்கு அது அளிக்கும் விடையைக்கொண்டும் மதிப்பிடுதலே வரலாற்று நோக்கிற்குப் பொருத்தமாகும்.