95 சதவீதம்தான், ஆனா எந்த வயசுல?

ஒருமுறை ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபீஸ்ல இருந்து போன். டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, ஆனா ஒருத்தராலயும் பணம் கட்ட முடியல. சர்வர் ஓடுதான்னு மட்டும்தான் நாங்க அளந்துட்டு இருந்தோம். இந்த எபிசோடும் அப்படி ஒரு பச்சை டாஷ்போர்டைப் பத்தினதுதான். இடம் அமெரிக்கா, காலம் 1980கள்.

அங்கே பள்ளியில் சேரணும்னா தடுப்பூசி கட்டாயம். அதனால், சேர்கிற பிள்ளைகளில் 95 சதவீதத்துக்கு மேல் தட்டம்மை ஊசி போட்டிருந்தாங்க. அந்த எண்ணில் பொய் எதுவும் இல்லை. ஆனா ஊசி போட வேண்டியது 15 மாதத்தில்; கணக்கு எடுத்ததோ 5 வயசில், பள்ளி வாசலில். நடுவில் 45 மாதம்! சின்னக் குழந்தைகளைக் கணக்கெடுத்த தேசிய சர்வேயும் 1985-ஓட நின்னு போச்சு.

1989-ல் தட்டம்மை திரும்பி வந்தது. 1991-க்குள் 55,000 பேருக்கு மேல் பாதிப்பு, 120-க்கும் மேற்பட்ட மரணங்கள். பாதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் 5 வயசுக்குக் கீழே. சிகாகோ, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி நகரங்களில், கறுப்பின, ஹிஸ்பானிக் ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதிகளில்தான் அடி பலமா விழுந்தது.

அப்புறம்தான் பள்ளிப் பதிவேடுகளைத் திரும்ப எடுத்தாங்க. ஊசி போட்ட தேதி அதிலேயே இருந்தது. 'போட்டாச்சா'ங்கிற கட்டத்தைப் பார்த்தவங்க, 'எப்போ' என்ற கட்டத்தைக் கூட்டிப் பார்க்கலை. (லாக்ல டைம்ஸ்டாம்ப் இருந்தும் படிக்காத எனக்கு இது சுருக்குன்னு இருந்தது.) தேதியை வெச்சுக் கணக்குப் போட்டா, பல நகரங்களில் பாதிப் பிள்ளைகள்கூட இரண்டாவது பிறந்தநாளுக்குள் எல்லா ஊசியும் போட்டு முடிக்கவில்லை. அதிலும் ஒரு ஓட்டை: பள்ளி வயசுக்கு முன்னாடியே இறந்த குழந்தைகளுக்கு அந்தப் பதிவேட்டில் வரியே கிடையாது.

இன்னும் கஷ்டமான விஷயம், ஊசி போடாத குழந்தைகளில் பலர் ஏற்கெனவே அரசு உதவித் திட்டங்களில் பெயர் பதிந்தவர்கள். வேற காரணத்துக்காக கிளினிக்குக்கு வந்து, ஊசி போடாமலே திரும்பிப் போனவர்களும் உண்டு.

1994-ல் ரெண்டு விஷயம் நடந்தது. பணமில்லாத குழந்தைகளுக்கு இலவசத் தடுப்பூசித் திட்டம் அக்டோபரில் தொடங்கியது. கூடவே புது தேசிய சர்வே: 19 முதல் 35 மாதக் குழந்தைகள் மட்டும், பெரிய நகரங்களுக்குத் தனிக் கணக்கு. அம்மா அப்பா ஞாபகத்தை நம்பி விட்டுடாம, டாக்டரிடமும் பதிவைக் கேட்டு வாங்கினாங்க.

ஆனா சர்வே நடந்தது போன் வழியா. போனே இல்லாத வீடு? பிற்பாடு அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நடுவில் லைன் கட் ஆகி, திரும்ப வந்த வீடுகளை எடுத்து, போன் இல்லாத வீடுகளுக்கும் சேர்த்து அவங்க பதிலுக்குக் கூடுதல் எடை கொடுத்தாங்க.