பென்சில்வேனியாவில் குடும்ப மான் வேட்டை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சிறுவர்கள் பெற்றோருடனும் தாத்தாவுடனும் மான் வேட்டைக்குச் செல்வது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கமாகும். இங்கு வேட்டையாடப்படுவது வெள்ளைவால் மான். 1959-இல் இது மாநில விலங்காக அறிவிக்கப்பட்டது. தொன்மையான மரபு என்று கருதப்பட்டாலும், இன்றைய வடிவிலான குடும்ப வேட்டை பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் சட்டங்களால் உருவானது. மான் இனம் ஏறத்தாழ அழிந்து, மீட்கப்பட்ட பின்னரே அது பரவியது.

அழிவும் மீட்பும்

ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன் லெனாப்பே உள்ளிட்ட பூர்வகுடி மக்கள் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் மான்களை வேட்டையாடினர். குடியேற்றக் காலத்தில் மான் தோல் முக்கிய வணிகப் பொருளாயிற்று. 1721-லேயே ஆண்டின் முதல் பாதியில் மான் கொல்வதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த ஆட்கள் இல்லை.

19-ஆம் நூற்றாண்டில் மரத் தொழிலுக்காகவும், தோல் பதனிடத் தேவையான ஹெம்லாக் மரப்பட்டைக்காகவும் காடுகள் வெட்டப்பட்டன. வணிக வேட்டைக்காரர்கள் ஆண்டு முழுவதும் மான்களைக் கொன்று நகரச் சந்தைகளுக்கு அனுப்பினர். நூற்றாண்டின் இறுதியில் மாநிலத்தின் பெரும்பகுதியில் மானைக் காண்பதே அரிதாகிவிட்டது.

1895-இல் மாநில வேட்டை ஆணையம் அமைக்கப்பட்டது. மான் இறைச்சி விற்பனையும் நாய்களை ஏவி மானைத் துரத்துவதும் தடைசெய்யப்பட்டன. 1906 முதல் பிற மாநிலங்களிலிருந்து மான்கள் வாங்கிக் காடுகளில் விடப்பட்டன. 1907-இல் வந்த சட்டம், கொம்புள்ள ஆண் மானை மட்டுமே சுடலாம் என்றது. வெட்டப்பட்ட காடுகளில் இளஞ்செடிகள் முளைத்திருந்ததால் தீவனத்துக்குக் குறைவில்லை. மான்கள் வேகமாகப் பெருகின.

விலக்கப்பட்டவர்கள்

மீட்பின் பலன் எல்லாக் குடும்பங்களுக்கும் உடனே கிடைக்கவில்லை. அக்காலத்தில் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த பலர் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தனர். 1909-ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதையும் நீள்துப்பாக்கி வைத்திருப்பதையும் தடைசெய்தது. 1914-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சுரங்கத் தொழிலாளியான தந்தை தன் மகனைச் சட்டப்படி வேட்டைக்கு அழைத்துச் செல்ல, முதலில் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. பின்னாளில் மான் வேட்டையில் பெருமளவில் ஈடுபட்டவர்களில் இத்தகைய குடியேறிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தனர்.

1913-இல் மாநிலவாசிகளுக்கு ஒரு டாலர் கட்டணத்தில் வேட்டை உரிமம் அறிமுகமானது. இந்த வருவாயைக் கொண்டு 1920 முதல் ஆணையம் காட்டு நிலங்களை வாங்கத் தொடங்கியது. சொந்த நிலம் இல்லாத குடும்பங்களும் வேட்டையாட இந்நிலங்கள் வழிவகுத்தன.

பெண் மான் சர்ச்சை

ஆண் மானை மட்டும் சுட்டதால் பெண் மான்கள் அளவின்றிப் பெருகின. 1920-களிலேயே பயிர்ச்சேதம் குறித்து விவசாயிகள் முறையிட்டனர். குளிர்காலத்தில் தீவனமின்றி மான்கள் மடிந்தன. 1923 முதல் சில இடங்களிலும் சில ஆண்டுகளிலும் பெண் மானைச் சுட ஆணையம் அனுமதித்தது. 1938-இல் கொம்பில்லாத மான்களை மட்டுமே சுடலாம் என்று விதித்தது.

வேட்டைக்காரர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். பெண் மானைச் சுடுவது இழிவு என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த தலைமுறை அது. மானைக் காப்பாற்ற அரசே சொல்லிக்கொடுத்த அந்த விதி, காட்டைக் காப்பாற்றத் தடையாக மாறியது. 2001-இல் ஆண், பெண் மான்களை ஒரே பருவத்தில் சுடும் முறை மாநிலம் முழுவதும் வந்தபோதும், 2002-இல் இளம் ஆண் மான்களைக் காக்கக் கொம்புக் கிளைகளின் எண்ணிக்கையை வரையறுத்தபோதும் இதே சச்சரவு மீண்டும் எழுந்தது.

சிறுவர்களும் பாதுகாப்பும்

வேட்டைக்காரர் எண்ணிக்கை உயர்ந்தபோது துப்பாக்கி விபத்துகளும் கவலைக்குரியவையாயின. 1969-இல், முதன்முறை உரிமம் பெறும் 16 வயதுக்குட்பட்டோர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடிப்பது கட்டாயமாக்கப்பட்டது. 1982-இல் வயது வேறுபாடின்றி முதன்முறை உரிமம் பெறும் அனைவருக்கும் அது விரிவாக்கப்பட்டது. 1980 முதல் ஒளிரும் ஆரஞ்சு நிற உடை கட்டாயமானது. தலை, மார்பு, முதுகுப் பகுதிகளில் மொத்தம் 250 சதுர அங்குலம் அந்நிறம் தெரிய வேண்டும்.

12 வயதே உரிமம் பெறும் வயதாக இருந்துவந்தது. 12, 13 வயதினர் பெற்றோர், பாதுகாவலர் அல்லது குடும்பத்தின் வயதுவந்த உறுப்பினர் ஒருவருடன் மட்டுமே வேட்டையாடலாம். குடும்பத் துணை என்பது இவ்வாறு வழக்கமாக மட்டுமின்றிச் சட்டத் தேவையாகவும் ஆனது.

2006-இல் 12 வயதுக்குட்பட்டோருக்கு வழிகாட்டியுடன் வேட்டையாடும் திட்டம் தொடங்கியது. வழிகாட்டி 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி. நடக்கும்போது அதை வழிகாட்டியே சுமக்க வேண்டும். சுடும்போது சிறுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மிகச் சிறு குழந்தைகள் துப்பாக்கியைக் கையாள்வது சரியா என்ற விவாதம் இத்திட்டத்துடன் தொடர்ந்து வருகிறது.

வேட்டைக் குடில்

மாநிலத்தின் வடபகுதி மலைக்காடுகளில் குடும்பங்களும் நண்பர் குழுக்களும் கட்டிய சிறிய மரக்குடில்கள் பல உள்ளன. பருவத் தொடக்கத்தில் மூன்று தலைமுறையினர் அங்கு ஒன்றாகத் தங்குவர். உரிமம் பெறும் வயதுக்கு முன்பே சிறுவர்கள் விறகு சேர்ப்பது, தடம் பார்ப்பது, காற்றின் திசை அறிந்து அசையாமல் உட்கார்ந்திருப்பது ஆகியவற்றைப் பழகுகின்றனர். சுடப்பட்ட மானுக்கு உடனே அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். குடலை நீக்குவதையும் இறைச்சி வெட்டுவதையும் பெரியவர்கள் செய்துகாட்டுவர். இறைச்சி, வீட்டுத் தேவைக்கு உறையவைக்கப்படுவதுடன் போலோனா எனும் தொத்திறைச்சியாகவும், உப்புக்கண்டம் போன்ற ஜெர்க்கியாகவும் பதப்படுத்தப்படுகிறது. 1991-இல் தொடங்கிய திட்டம் ஒன்றின் வழியாக, நன்கொடையாகத் தரப்படும் மான் இறைச்சி உணவு வங்கிகளுக்குச் செல்கிறது.

திங்களிலிருந்து சனிக்கு

1963 முதல் துப்பாக்கிப் பருவம், நன்றியறிதல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. ஊரகப் பகுதிகளில் பல பள்ளிகளுக்கு அன்று விடுமுறை. விருந்து முடிந்ததும் குடும்பங்கள் குடிலுக்குப் புறப்பட, வழியிலுள்ள கடைகளும் உணவகங்களும் அந்த வார இறுதி வணிகத்தை நம்பியிருந்தன.

1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 13 இலட்சமாக இருந்த உரிமங்களின் எண்ணிக்கை பின்னர் 9 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. கல்லூரி மாணவர்களும் இளம் தொழிலாளர்களும் திங்களன்று விடுப்பு எடுக்க முடிவதில்லை என்று கருதிய ஆணையம், 2019-இல் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. இளையோரை ஈர்க்கச் செய்த மாற்றமே குடில் மரபைக் குலைக்கிறது என மூத்தவர்கள் எதிர்த்தனர். வெள்ளிக்கிழமையே குடிலில் இருக்க வேண்டும் என்பதால், நன்றியறிதல் நாள் விருந்துக்கும் பயணத்துக்கும் இடையே இருந்த ஓய்வு நாட்கள் இல்லாமல் போயின.

2012-இல் மான்களைத் தாக்கும் நீடித்த உடல்மெலிவு நோய் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. இதனால் சில பகுதிகளிலிருந்து மானின் தலை, முதுகெலும்பு போன்றவற்றை வெளியே கொண்டுசெல்லத் தடை உள்ளது. இறைச்சியை உண்ணும் முன் பரிசோதிக்கவும் அறிவுறுத்தப்படுகிறது. இளையோர் வேட்டையில் கற்றுத்தரப்படுவனவற்றுள் இதுவும் இப்போது சேர்ந்துள்ளது.