கருவும் வாக்குச்சீட்டும்

புனே நகரை அடுத்த லோஹேகாவில் குடியிருக்கும் தமிழன்பர்கள், அமெரிக்கத் தேர்தல்களில் கருக்கலைப்பு உரிமை பெரும் பூசலாயிருப்பதைச் செய்திகளில் கேட்டிருப்பர். 1973-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்ற உரிமையை, 2022-ல் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. நம் நாட்டிலோ கருக்கலைப்பு எந்தத் தேர்தலையும் அசைக்கவில்லை. காரணம் யாது?

1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்கவன்றி வேறெதற்காகக் கருவைக் கலைப்பினும் அதைக் குற்றமாக்கியது. மறைவிடங்களில், தகுதியற்றோர் கையில் மாண்ட பெண்கள் பலர். மகாராஷ்டிர அமைச்சராயிருந்த சாந்திலால் ஷாவின் தலைமையில் 1964-ல் அமைந்த குழு இதனை ஆராய்ந்தது. 1971-ல் புதுச் சட்டம் நிறைவேறிற்று. அது பெண்ணின் சம்மதத்தைக் கேட்கிறது. முடிவையோ மருத்துவரிடம் விடுகிறது. உரிமையாக வராமல் மருத்துவப் பரிகாரமாக வந்தமையாலேயே பூசல் எழவில்லை என்பது என் துணிபு. பெண்ணுக்கு அது அரைப்பங்கு நீதிதான்.

பூசல் வேறு வாயிலாக வந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-ல், மூன்று குழந்தைகளுக்குப் பின் கருத்தடை அறுவையைக் கட்டாயமாக்கும் மசோதாவை மகாராஷ்டிரச் சட்டசபை நிறைவேற்றியது. சட்டமாகியிருந்தால் லோஹேகாவ்க் குடும்பங்களையும் அது கட்டியிருக்கும். ஜனாதிபதியின் ஒப்புதல் கிட்டவில்லை. வடநாட்டிலோ சட்டமின்றியே கட்டாயம் நடந்தது. 1976-77-ல் நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள்! 1977 மார்ச்சுத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஒன்றுகூடக் காங்கிரசுக்குக் கிடைக்கவில்லை.