கடல் மீன் நமக்கு ஒத்துக்காதா? சீவலப்பேரி ஆச்சி சொன்ன தீர்ப்பும் அதன் வரலாறும்

1. போன மாசம் ஒரு அம்மா ஒன்பது வயசுப் பையனோட வந்தாங்க. ஊர் சீவலப்பேரி. குடும்பமா தூத்துக்குடி போய், ஒரு கடையில சூரை மீன் வறுவல் சாப்பிட்டிருக்காங்க. அரை மணி நேரத்துல பையனுக்கும் அப்பாவுக்கும் முகம் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரிக்குள்ள சரியாயிருச்சு. ஆனா ஆச்சி தீர்ப்பு சொல்லிட்டாங்க: "கடல் மீன் நமக்கு ஒத்துக்கிடாது. ஆத்து மீனும் கருவாடும் போதும்." பையன் அதுக்கப்புறம் மீனையே தொடல.

2. ஆச்சி சொன்னது வெறும் மூடநம்பிக்கை இல்லைங்க. அதுக்குப் பின்னாடி ஒரு நீண்ட வரலாறு இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

3. சீவலப்பேரி, தாமிரபரணியோட சிற்றாறு கலக்கும் ஊர். முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இதுதான். ஆத்து மீனுக்குக் குறைவில்லாத இடம். தூத்துக்குடிக் கடலோ நேர்க்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர். இன்னைக்கு பைக்ல ஒரு மணி நேரம். மாட்டு வண்டி மணிக்கு மூணு, நாலு கிலோமீட்டர்தான் போகும். காலையில பிடிச்ச மீன் நம்ம ஊர் வெயில்ல வண்டியேறினா, வந்து சேரும்போது இருட்டிரும். அதை யார் வாங்குவாங்க?

4. அதனால ஊருக்குள்ள வந்த கடல் மீன் கருவாடாத்தான் வந்துச்சு. இது நேத்து வந்த பழக்கம் இல்லை. நற்றிணையின் நெய்தல் பாடல்களிலேயே, மணலில் காயும் மீனைப் பறவை கொத்தாமல் பெண்கள் காவல் காக்கிறார்கள். உப்பு வண்டி ஓட்டிய உமணர்களும் சங்கப் பாடல்களில் வருகிறார்கள். உப்பும் வெயிலும் மீனில் உள்ள ஈரத்தை எடுத்துவிடும். ஈரம் இல்லாத இடத்தில் பாக்டீரியா பெருகாது. அவ்வளவுதான் கருவாட்டு அறிவியல்.

5. இன்னும் சுவாரஸ்யம் மாசி. 1343ல் மாலத்தீவு போன பயணி இபின் பதூதா, அங்கே சூரை வகை மீனை நாலு துண்டாக்கி, லேசா வேகவைத்து, ஓலைக்கூடையில் புகையில் தொங்கவிடுவதை எழுதியிருக்கிறார். அது இந்தியா, சீனா, ஏமன் வரை போனதாம். இன்னைக்கு நம்ம கடைகளில் கட்டை மாதிரி கிடக்கும் மாசி அதே வழியில் வந்ததுதான்.

6. ஏன் சூரையை இவ்வளவு மெனக்கெட்டுப் பக்குவம் பண்ணணும்? சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். பிடிச்ச மீன் வெக்கையில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஹிஸ்டமின் உருவான பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும், படபடக்கும். பார்த்தா அலர்ஜி மாதிரியே இருக்கும்.

7. இதற்கு மருந்து ஐஸ். ஆனா சென்னைக்கு அமெரிக்க ஐஸ் கப்பலில் வந்து, 1842ல் ஐஸ் ஹவுஸ் கட்டினது வெள்ளைக்காரங்க குளிர்ச்சியா குடிக்கத்தான். 1876ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. வேகம் கிடைச்சது, குளிர் கிடைக்கல. 1952ல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளத்தின் நீண்டகரையில் விசைப்படகும் ஐஸ் ஆலையும் கொண்டுவந்தது. ஐஸில் வைத்த மீன் உள்ளூர்களுக்குப் போவது பெருகியது அதற்குப் பிறகுதான். நம்ம ஆச்சிமார் காலத்துக் கதை இது!

8. ஆக, "ஒத்துக்கிடாது" என்பது நம்ம உடம்பைப் பற்றிய விதி இல்லை. தூரத்தையும் வெயிலையும் பற்றிய விதி. ஐஸ் இல்லாத காலத்தில் அது உயிரைக் காத்த புத்தி.

9. பையன் விஷயத்துக்கு வருவோம். முன்னாடி பல தடவை மீன் சாப்பிட்டு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ஒரே மீனைச் சாப்பிட்ட ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்திருக்கு. அப்போ சந்தேகம் மீன் மேல இல்லை, அதை வைத்திருந்த விதத்து மேல. ஆனா இதை நீங்களே முடிவு பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. மூச்சுத்திணறல், உதடு வீக்கம், மயக்கம் இருந்தா அலர்ஜியா இல்லையான்னு யோசிக்காம உடனே ஆஸ்பத்திரி.

10. கடற்கரை ஊருக்குப் போனா ஆசையா சாப்பிடுங்க. செவுள் சிவப்பா, கண் தெளிவா, சதை அமுக்கினா குழி விழாம இருக்கணும். அதை விட முக்கியம், மீன் ஐஸ்ல இருக்கான்னு பாருங்க. நாக்குல மிளகு மாதிரி சுருக்குன்னு இருந்தா, காசு போனாலும் பரவாயில்லை, தட்டை நகர்த்திருங்க.

11. பையனுக்கு விளமீன் குழம்புல இருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கேன். ஆச்சிக்கும் ஒரு சேதி சொல்லி அனுப்பினேன்: உங்க கருவாட்டையும் விட்டுறாதீங்க ஆச்சி. 🙏