வெள்ளாட்டுத் தொற்று நுரையீரல் அழற்சி: கண்டறிதல்

வெள்ளாட்டு மந்தைகளை அழிக்கும் மூச்சு நோய்களில் மிகக் கொடியது இது. புதிதாக நுழைந்த மந்தையில் நூற்றுக்கு 60 முதல் 80 ஆடுகள் வரை மடியலாம். 1881-இல் துருக்கியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் காலனிக்கு வந்திறங்கிய அங்கோரா ஆடுகளோடு இந்நோயும் வந்தது. இது ஆட்டுக்கு ஆடு தொற்றுவது என்று கால்நடை மருத்துவர் டங்கன் ஹட்சியன் அங்கேதான் காட்டினார். கிருமியைப் பிரித்தெடுக்க முடிந்ததோ 1976-இல், கென்யாவில்.

அந்தக் கிருமி மைக்கோபிளாஸ்மா வகைப் பாக்டீரியா. அதற்குச் செல்சுவர் கிடையாது. அதனால் கிராம் சாயத்தில் பிடிபடாது, பென்சிலினுக்கும் அடங்காது. ஆய்வகத்தில் வளர்த்தாலும் கண்ணில் படும் அளவுக்குத் திரள ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் வேறு கிருமிகள் முந்திக்கொண்டு வளர்ந்துவிடும்.

பட்டியில் முதலில் கவனிக்க வேண்டியது, எந்த ஆடு இருமுகிறது என்பதைத்தான். செம்மறியும் வெள்ளாடும் ஒன்றாக அடைந்திருக்க, வெள்ளாடு மட்டும் 41 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோடு முன்னங்காலை அகட்டி, கழுத்தை நீட்டி மூச்சுக்குத் திணறினால் இந்நோயைச் சந்தேகிக்கலாம். வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்திருந்தால் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். அது வைரஸால் வருவது, செம்மறியையும் தாக்கும். மூட்டும் மடியும் வீங்கியிருந்தால் இதே குடும்பத்தின் வேறு மைக்கோபிளாஸ்மாவைத் தேட வேண்டும்.

இறந்த ஆட்டின் நெஞ்சைத் திறந்து பார்ப்பதைப் போல உதவும் சோதனை வேறில்லை. பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரல் மட்டுமே கெட்டிருக்கும். பஞ்சுபோல் இருக்க வேண்டியது ஈரல்போல் இறுகி, விலா எலும்போடு ஒட்டிக் கிடக்கும். நெஞ்சுக்கூட்டில் வைக்கோல் நிற நீர் தேங்கியிருக்கும். மேன்ஹீமியா பாக்டீரியாவால் வரும் நிமோனியாவிலோ, இரு நுரையீரல்களின் முன் கீழ்ப்பகுதிகளும் கெடுவதே வழக்கம்.

நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சேரும் விளிம்பில் நுரையீரல் துண்டை வெட்டி எடுக்க வேண்டும். நடுப்பகுதியில் எடுப்பது பலர் செய்யும் தவறு. கிருமியை உறுதிசெய்வது பிசிஆர் சோதனை. நெஞ்சு நீரில் ஒரு துளியை வடிதாளில் உலர்த்தி அனுப்பினாலும் போதும், ஐஸ் பெட்டி தேடி அலைய வேண்டாம்.

ஒரு சொட்டு இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் காட்டும் லேடெக்ஸ் சோதனையைப் பட்டியிலேயே செய்துவிடலாம். ஆனால் நோய்க்குறி தெரிந்து ஒரு வாரம் கழித்தே எதிர்ப்பொருள் தோன்றுகிறது. பல ஆடுகள் அதற்கு முன்பே இறந்துவிடுகின்றன. எனவே படுத்துவிட்ட ஒரு ஆட்டின் இரத்தத்தை மட்டும் நம்பாமல், பிழைத்து நிற்கும் ஆடுகளின் இரத்தத்தையும் எடுத்து மந்தை முழுவதையும் சோதிக்க வேண்டும்.